ரமணரைப் படகில் ஏற்றாதீர்கள்

இலங்கையின் கல்பிட்டிக் கடலில் டால்ஃபின்களோடு நீந்தியது தியானத்தின் உச்சம் என்று எழுதியிருக்கிறார் நம்மூர் தியான ஆசிரியர் ஒருவர். கடல் பார்க்கப் புதுச்சேரி வரை போக வேண்டிய திருவண்ணாமலையில் இப்படியொரு வழக்கு வந்ததே வேடிக்கைதான். போகட்டும். தன் நீச்சலுக்குச் சாட்சியாக ரமண மகரிஷியை இழுத்துவிட்டாரே, அதுதான் பொறுக்கவில்லை. பசு லட்சுமியும் குரங்கும் மயிலும் மகரிஷியைத் தேடி வந்தனவாம். அப்படியே டால்ஃபின்கள் இவரைத் தேடி வந்தனவாம்.

மகரிஷி இருந்த இடத்திலேயே இருந்தார் ஐயா. லட்சுமி தானாக நடந்து வந்தாள், வேண்டாமென்றால் திரும்பிப் போகவும் அவளுக்கு வழி இருந்தது. 1948இல் அவள் இறந்தபோது ஆசிரமத்திலேயே சமாதி வைத்தார்கள். நீங்களோ இயந்திரத்தை முடுக்கி, டால்ஃபின் கூட்டம் திரும்பும் பக்கமெல்லாம் படகைத் திருப்பி, அதன் வழியிலேயே குதித்திருக்கிறீர்கள். யார் யாரைத் தேடிப் போனது?

'அவை சிரித்தன' என்கிறீர்கள். டால்ஃபினின் தாடை அமைப்பே அப்படி; செத்துக் கரையொதுங்கிய டால்ஃபினும் அதே முகத்தோடுதான் கிடக்கும்.

'சில நிமிடம் கூட நீந்தினால் என்ன குறைந்துவிடும்?' என்ற கேள்விக்குப் பதில் ஹவாயில் இருக்கிறது. கல்பிட்டியில் கூட்டங்கூட்டமாகத் தென்படும் சுழல் டால்ஃபின்தான் அங்கேயும். இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் ஆழமில்லாத விரிகுடாக்களில் ஓய்வெடுக்கும். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும் உறக்கம் அது. அந்த நேரம் பார்த்து ஒரு படகு போனதும் அடுத்த படகு வருகிறது. உங்களுக்குச் சில நிமிடம். டால்ஃபினுக்கு அன்றைய தூக்கம் முழுதும் போச்சு. அதனால்தான் 2021இல் அமெரிக்க அரசு அங்கே அவற்றோடு நீந்துவதையும், சுமார் 45 மீட்டருக்குள் நெருங்குவதையும் தடை செய்தது. நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் 1999க்குப் பிறகு புட்டிமூக்கு டால்ஃபின்கள் 66 சதவீதம் குறைந்துபோயின. மனிதர்கள் காட்டிய அளவுக்கு மீறிய அன்பும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டு, 2019இல் நீச்சலை நிறுத்தினார்கள். இலங்கையிலும் தனி அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. உங்களிடம் அனுமதி இருந்ததா? படகுக்காரர் கேட்கவில்லை என்பது பதிலாகாது.

கூட நீந்தியவர்தான் காப்பாற்றத் துடிப்பார் என்பது உங்கள் கடைசி அஸ்திரம். 2016 ஜனவரியில் மணப்பாடு கரையோரம் எண்பதுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கிலம், இனம் டால்ஃபின் குடும்பம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவற்றைத் திரும்பக் கடலுக்குள் தள்ளப் போராடியவர்களில் நம் மீனவர்கள் இருந்தார்கள். அதற்காக அவர்கள் எந்த நீச்சல் முகாமிலும் பணம் கட்டவில்லை.

கல்பிட்டி மீனவரின் பிழைப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் மதிக்கிறேன். ஆனால் தள்ளி நிறுத்திய படகில் உட்கார்ந்து பார்த்தாலும் அவருக்கு வாடகை கொடுக்கத்தானே வேண்டும்? குதித்தது உங்கள் படத்துக்காக.