மழை மேல பழி போட்டு வோட்டுக் கேக்க வராதீங்க

டித்வா புயலுக்குப் பிறகு கண்டிப் பக்கம் நாலு பேர் கூடினா ஒரு சண்டை கட்டாயம் வரும். ஒருத்தர் சொல்வார், "இது காலநிலை மாற்றம் மச்சான், உலகம் முழுக்க இப்பிடித்தான், அரசாங்கம் என்ன செய்யும்?" மத்தவர் பாய்வார், "என்ன மாற்றம்? 1957லயும் வெள்ளம் வந்துச்சு, 1978ல மட்டக்களப்பையே புயல் அடிச்சுப் போட்டுச்சு. அப்ப எங்க போச்சு உன் காலநிலை மாற்றம்?" கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டா ஒரு விசயம் புரியும். முதலாமவர் திசைகாட்டிக்கு வோட்டுப் போட்டவர். இரண்டாமவர் தொலைபேசிக்கோ சிலிண்டருக்கோ போட்டவர். ரணில் ஜனாதிபதியா இருந்து காலநிலை பற்றிப் பேசினப்போ இதே ஆட்கள் இடம் மாறி நின்றார்கள். அன்றைக்குக் கேலி பண்ணினவர் இன்றைக்கு ஐ.நா. அறிக்கையைத் தூக்கிக் காட்டுகிறார். அன்றைக்குக் கை தட்டினவர் இன்றைக்கு "எல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்கிறார்.

அதாவது நம்மில் பலர் முதலில் வேட்பாளரைத் தெரிவு செய்கிறோம், பிறகுதான் அவருக்குத் தோதான விஞ்ஞானத்தைத் தெரிவு செய்கிறோம். இந்தக் கட்டுரை ரெண்டு பக்கத்தோடயும் சண்டை போடத்தான்.

முதலில் "அப்பவும் மழை பெஞ்சுச்சே" கட்சி. பெய்தது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இது பாடசாலைப் பௌதிகம், இதில் அரசியல் கிடையாது. கைத்தொழில் புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் பூமி ஏற்கெனவே ஒரு பாகைக்கும் மேல் சூடேறிவிட்டது. கடலும் சூடு. அந்தக் கடலுக்கு மேலே உருவாகும் தாழமுக்கம் முன்னையை விட அதிக தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். டித்வா எங்களுக்குக் கற்றுத் தந்தது இதைத்தான். காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது பெரிய புயலே இல்லை. மழைதான் கொன்றது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் மண்சரிவு அபாயப் பகுதியை விட்டு வெளியேற வேண்டும். 2025 நவம்பர் 27, 28இல் மலைநாட்டின் சில இடங்களில் 300 மில்லிமீற்றருக்கும் மேலே கொட்டியது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டக் கணக்கில் கண்டிதான் முதலிடம்.

சரி, விஞ்ஞானம் பக்கம் நின்றாச்சு. இப்ப அந்தப் பக்கம் நிற்கிற தோழர்களிடம் ஒரு கேள்வி. மழை கூடினதுக்குக் காலநிலை காரணம். மலை ஏன் சரிந்தது? சரிந்த மலைக்குக் கீழே ஏன் நம்ம சனம் இருந்தது?

இந்த ரெண்டு கேள்விக்கும் "காலநிலை மாற்றம்" என்று பதில் சொல்கிறவர் விஞ்ஞானம் பேசவில்லை, சாட்டுச் சொல்கிறார். டித்வாவை ஆராய்ந்த 'வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்' விஞ்ஞானிகள்கூட மழையின் உக்கிரம் கூடியிருப்பதைச் சொன்ன அதே மூச்சில், காடு குறைந்ததையும் ஆபத்தான இடங்களில் சனம் குடியிருப்பதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்த ரெண்டாவது பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் மேடையில் வாசிக்கிறார்கள்.

கண்டி மலைகளுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்க. முதலில் கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், பிறகு கோப்பியை நோய் தின்றது, மலை முழுக்கத் தேயிலை ஆனது. ஆழமாக வேர் விட்டு மண்ணைப் பிடித்த மரங்கள் போய்விட்டன. அதுக்குப் பதிலாகத் தண்ணி வடிய மலைக்குக் குறுக்கே கான் வெட்டினார்கள். வெட்டியது நம்ம பாட்டன் பூட்டன். ஒரு கான் வேலை செய்யணும்னா வருசா வருசம் மண் அள்ளணும், அதுக்கு ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும். இப்ப எத்தனை தோட்டத்தில் கான் ஒழுங்கா இருக்கு? தெல்தோட்டை, கலஹா, புசல்லாவ பக்கம் போனா நீங்களே பார்க்கலாம், புல் மூடிக் கிடக்கிற கான்கள். வடிய வழியில்லாத தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும். இறங்கின தண்ணி மலையைப் பாரமாக்கும், மண்ணைத் தளர்த்தும். இதை ஜெனீவாவில் இருந்து யாரும் வந்து சொல்லித் தரத் தேவையில்லை, ஒரு வயசான கங்காணியைக் கேட்டா போதும்.

லயம் எங்கே கட்டினான்? தேயிலைக்கு நல்ல இடம் தேயிலைக்கு. மிச்சம் கிடந்த பள்ளம், ஓடைக்கரை, சரிவின் அடிவாரம் லயத்துக்கு. இன்றைக்குக் கண்டி மாவட்டத்தில் ஒருவர் புதிதாக வீடு கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டும். நூறு வருசத்துக்கு முந்திய லயத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தைப் பக்கம் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, சனத்தை அப்புறப்படுத்துங்கள் என்று அதே நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. விஞ்ஞானம் ஒன்பது வருசத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது, வராதது காணி. ஆட்கள் செத்த பிறகுதான் 75 வீடு கட்டி 2016இல் கொடுத்தார்கள். அந்தப் பதினோரு வருசத்தில் தோட்டத்துக்கு வோட்டுக் கேட்டு வராத கட்சி ஒன்று சொல்லுங்க பார்ப்போம்.

அதனால "எந்த வேட்பாளர் காலநிலையைப் பற்றி நல்லாப் பேசுறார்" என்ற அளவுகோலே எனக்குப் பிடிக்காது. நல்லாப் பேசினவர்களைப் பார்த்துவிட்டோம். கோட்டாபய 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்திவிட்டு, கிளாஸ்கோ மாநாட்டில் போய் அதைப் பச்சைக் கொள்கை என்று பெருமையாகச் சொன்னார். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருசம் 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் நாளுக்குரிய கிலோவை எடுக்க முடியாமல் அரைப் பேர் வாங்கிக்கொண்டு திரும்பினது யார்? ரணில் அதைவிடக் கெட்டிக்காரர். ஷார்ம் அல் ஷேக், துபாய் என்று மாநாடு மாநாடாகப் போனார், சர்வதேச காலநிலை மாற்றப் பல்கலைக்கழகம் கட்டப்போகிறோம் என்றார். இடம் கொத்மலை. அந்தக் கொத்மலைப் பக்கமும் டித்வாவின் மண்சரிவுகளுக்குத் தப்பவில்லை.

இப்போதைய ஆட்சியின் கதையும் சொல்லணும், இல்லாட்டி "நீ அவங்க ஆள்" என்பீர்கள். 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி ஹட்டன் பிரகடனம் செய்தது, காணியும் வீடும் உரிமை என்று அதில் வாக்குக் கொடுத்தது. நம்ம இளைஞர்கள் நிறையப் பேர் அதை நம்பித்தான் போட்டார்கள், அதில் தப்பும் இல்லை. புயலுக்குப் பிறகு ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார்: முழுசா வீடு இழந்தவருக்குக் கட்ட 50 லட்சம் ரூபா, காணி வாங்க வேண்டியவருக்கு இன்னொரு 50 லட்சம் வரை. நல்ல அறிவிப்பு. ஆனால் லயத்துக் காம்பராவின் உரிமையாளர் யார்? நாலு தலைமுறையா இருக்கிறவரா, குத்தகைக்கு எடுத்த கம்பனியா, அரசாங்கமா? கண்டி, மாத்தளைப் பக்கம் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் எல்கடுவையும் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கு. கம்பனி மறுக்கிறான் என்ற சாட்டு அங்கே செல்லாது. அரசாங்கம் தன் காணியில் தானே பேர்ச் அளந்து கொடுக்க யாரைக் கேக்கணும்? நடுவில் வடக்குக்குக் குடிபோகலாமே என்ற பேச்சும் வந்தது. அழைத்தவர்களின் மனசு பெரிசு, நன்றி. இருந்தாலும் 200 வருசம் உழைத்த மலையில் பத்துப் பேர்ச் பாதுகாப்பான இடம் கேட்கிறவனுக்கு அது பதில் ஆகாது.

இன்னொன்று, எச்சரிக்கை. நவம்பரில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு பலமாக எழுந்தது. 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. பெயர்ப் பலகையில் பிழையான தமிழைப் பார்த்து முகநூலில் சிரித்துவிட்டுப் போகிறோம். சிவப்பு எச்சரிக்கை புரியாத மொழியில் வந்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதைச் சரிசெய்யக் கார்பன் நிதியும் வேண்டாம், வெளிநாட்டு நிபுணரும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் நாலு பேரை இரவு வேலைக்குப் போட்டால் போதும்.

"நம்ம ஆளுக்குப் போடுவோம்" என்பவர்களுக்கும் ஒரு சொல். கண்டியில் நாங்கள் சிறுபான்மை, தமிழர் ஒருவர் வெல்ல வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நம்ம ஆட்கள் அமைச்சர்களாக இருந்த காலத்திலும் அந்த அபாயப் பட்டியல் மேசையில்தான் கிடந்தது. பெயர் தமிழா இருப்பது மட்டும் தகுதி ஆகாது.

மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதுக்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர் ஆட்சிதான். என்றைக்காவது அந்தத் தேர்தல் வரும், ஒரு கட்சிக்கும் மூன்று பேருக்கும் விருப்பு வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருவார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வரலாற்றிலேயே முதல் தடவையாக ரெண்டாவது விருப்பத்தை எண்ண வேண்டி வந்ததே, அந்த விருப்பங்களுக்குப் பெறுமதி இருக்கு. வருகிறவரிடம் காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க, எல்லாரும் ஆமென்பார்கள். இந்தத் தோட்டத்தில் எந்த லயம் அபாயப் பட்டியலில் இருக்கு, அந்தக் குடும்பங்களை எந்தக் காணிக்குக் கொண்டுபோவீர்கள், உறுதி யார் பெயரில் வரும் என்று கேளுங்க. திருதிருவென்று முழித்தால் அவர் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை.

அதுக்கு முதல் அந்தப் பட்டியல் நம்ம கையில் இருக்கணும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்கு 1:10,000 அளவில் அபாய வரைபடங்கள் வரைந்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி உங்கள் தோட்டம் பற்றி அது என்ன அறிக்கை கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, அவர் என்ன செய்தார் என்று எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்க.