துலக்கப்படாத குழாய்கள்

பீப்பாயிலிருந்து நேராகக் குவளைக்குப் பீர் பிடிக்கும் நாடுகளில், இடையிலுள்ள குழாயைக் கழுவுவது ஒரு தனிச் சாத்திரமாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் என்று அமெரிக்க மதுவடிப்பாளர் சங்கத்தின் கையேடு விதிக்கிறது. உட்சுவரில் ஒட்டும் புரதத்தையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் காரம் கரைக்கிறது. ‘பீர்க்கல்’ எனப்படும் கால்சியம் ஆக்ஸலேட் படிவை அமிலம் கரைக்கிறது. வீட்டில் குளிர்பெட்டி வைத்துப் பீப்பாய் பூட்டுகிறவருக்கும் இதே அறிவுரைதான். இத்தனை பாடும் பெரும்பாலும் சுவைக்காக.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இதுபோன்ற குழாய்களில் வருவது குடிநீர். சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. கருவி, இல்லையேல் மூலையில் கவிழ்த்து வைத்த 20 லிட்டர் கேன். இவற்றின் குழாய்களைக் கழுவ நம்மிடம் ஒழுங்கு எதுவும் கிடையாது. பீருக்கு அவர்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக்கூட நாம் தண்ணீருக்குக் காட்டுவதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இக்கருவிகள் இங்கே ஆடம்பரமாக நுழைந்தவை அல்ல. தோல் பதனிடும் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் உப்பாக்கிய கதை நாமறிந்ததே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ கெட்டதைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதும் அத்தீர்ப்பால்தான். ஆனால் 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக இழப்பீட்டையும் சீரமைப்பையும் மறுபடி ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வசதியுள்ளவர்கள் கருவி வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் கேனுக்குக் காசு கொடுத்தார்கள். பொதுச்சொத்தாக இருந்த ஆற்றின் வேலை, வீட்டுக்கு வீடு தனித்தனி இயந்திரத்தின் தலையில் விழுந்தது.

அந்த இயந்திரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். முதலில் கரி வடிகட்டி நீரிலுள்ள குளோரினை நீக்குகிறது. நீக்காவிட்டால் சவ்வு கெட்டுவிடும். சவ்வு உப்பைப் பிரிக்கிறது. பிறகு நீர் ஒரு சிறு தொட்டியில் நிற்கிறது. குளோரின் போய்விட்டதால் அந்நீருக்குக் காவல் இல்லை. தொட்டியிலும் வெளியேறும் குழாயிலும் வந்து சேரும் நுண்ணுயிர்கள் வழவழப்பான படலமாக ஒட்டி வளர்கின்றன. கேன் வெயில் படும் இடத்தில் இருந்தால் பாசியும் சேரும். வடிகட்டியையும் சவ்வையும் மாற்றினால் பராமரிப்பு முடிந்தது என்பதுதான் பெரும்பாலோர் எண்ணம். தொட்டியையும் கடைசிக் குழாயையும் எவரும் நினைப்பதில்லை.

நம் பாட்டிகள் நினைத்தார்கள். செம்புக் குடமும் பித்தளைத் தவலையும் புளி போட்டுத் துலக்கப்பட்டன. புளியிலிருப்பது டார்டாரிக் அமிலம்; பீர்க்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்வதை அவர்கள் அன்றாடம் செய்தார்கள். கோடையில் கிணற்றை இறைத்துத் தூர் வாரினார்கள். குடத்துக்குள் கைவிட முடிந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. விரலும் நுழையாத குழாயை மட்டும் நாம் நம்பிக்கையின் பேரில் விட்டுவைத்திருக்கிறோம்.

செய்யவேண்டியது சிறிய வேலை. கேன் தாங்கியையும் அதன் திருகையும் மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புக் கரைசலால் கழுவி, நன்றாக அலசி, பிறகு நீர்த்த வெளுப்பு நீரைச் சற்று நேரம் நிறுத்தி, வாடை போகும்வரை மறுபடி அலச வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கலாகாது; நச்சு வாயு எழும். ஆர்.ஓ. கருவியில் தொட்டியையும் வெளிக்குழாயையும் மட்டுமே இப்படிச் செய்யலாம். வெளுப்பு நீர் சவ்வைத் தொடக்கூடாது. பழுத்துப்போன குழாயை மாற்றிவிடுவதே மேல்.

‘இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?’ என்று கேட்கலாம். பராமரிப்பை அற்பமாக எண்ணும் இதே மனம்தான் பெரிய இடங்களிலும் இயங்குகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களிலும் இதே சவ்வுத் தொழில்நுட்பம்தான். கட்டடம் திறப்பதற்கு விழா உண்டு. சேறு அள்ளுவதற்கு விழா இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் இருந்த 10 பேர் மாண்டார்கள். தேங்கவிட்ட அழுக்கு தேங்கிய இடத்திலேயே இருந்துவிடாது.

காவிரிக் கூட்டுக் குடிநீர் இப்போது இப்பகுதிக்கு வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. அந்த அளவுக்குள் உப்பிருக்கும் தெருவில், உப்பைப் பிரிப்பதற்கென்று ஆர்.ஓ. கருவி தேவையில்லை, கிருமிக்குக் கொதிக்கவைத்தாலே போதும். ஒரு குடம் நல்ல நீருக்காகச் சில குடங்களைச் சாக்கடையில் விடும் செலவும் மிஞ்சும். எந்தத் தெருவில் என்ன அளவு என்பதை உள்ளாட்சிகள் மாதந்தோறும் அளந்து அறிவிக்க வேண்டும். கருவி விற்பவர்கள் தொட்டியையும் குழாயையும் கழுவுவதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி, கழுவிய தேதியைக் கருவியின் மேல் ஒட்ட வேண்டும். கேன் நிரப்புகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தும்.

ஆற்றைத் துலக்குவது நம் ஒருவர் கையில் இல்லை. குழாயைத் துலக்குவது இருக்கிறது. முன்னதைக் கேட்கும் உரிமை, பின்னதைச் செய்கிறவர்களின் குரலில் இன்னும் அழுத்தமாக ஒலிக்கும் என்று நம்புகிறேன்.