நாடகம் போட்டிக்கு ஆகும், பாடத்திற்கு ஆகாதா?

விழிஞ்ஞத்தில் நான் குடியிருக்கும் தெருவில், மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்று, ப்ளஸ் ஒன் விண்ணப்பத்தை நிரப்ப உதவி கேட்டு வந்தாள். ஒற்றைச் சாளர முறையின் பட்டியலை நெடுநேரம் பார்த்துவிட்டு, நாடகம் எந்தப் பிரிவில் வரும் என்று கேட்டாள். எந்தப் பிரிவிலும் வராது என்றேன். உடன் வந்த உறவினர் சிரித்தார். “துறைமுகம் வந்துவிட்டது, காமர்ஸ் எடு. நாடகம் சோறு போடுமா?” என்றார். அவள் காமர்ஸ் எடுத்தாள்.

அந்த உறவினரிடம் எனக்கு வழக்கில்லை. 2025 மே மாதம் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதைக் கண்ணெதிரே கண்டவர் அவர். என் வழக்கு நம் கல்வித்துறையோடும், அதன் மௌனத்தைப் பொருட்படுத்தாத நம்மைப் போன்ற ஆய்வாளர்களோடும்தான்.

கேரள மேல்நிலைக் கல்வியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடச் சேர்க்கைகள் உள்ளன. இதழியல், மானுடவியல், காந்தியியல் எல்லாம் உண்டு. சில சேர்க்கைகளில் இசையும் உண்டு. நாடகம் இல்லை. ஆனால் 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் நாடகம், மூகாபிநயம், கூடியாட்டம், கதகளி, சவிட்டு நாடகம் எனப் போட்டிகள் நிரம்பி வழிகின்றன. வென்றவருக்குக் கிரேஸ் மதிப்பெண் வழங்கப்படுகிறது. அந்த மதிப்பெண் எதில் சேர்கிறது? மாணவர் படிக்கும் வேறு பாடங்களின் கணக்கில். இயற்பியலுக்கும் கணக்கியலுக்கும் துணை நிற்கும் தகுதி நாடகத்திற்கு உண்டாம். தானே ஒரு பாடமாக நிற்கும் தகுதி மட்டும் இல்லையாம்.

போட்டியும் பாடமும் ஒன்றல்ல. போட்டிக்குச் சிலர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், எஞ்சியோர் கைதட்டுகின்றனர். வெளியிலிருந்து பயிற்சியாளரை அமர்த்தவும், ஆடை அணிகளுக்குச் செலவிடவும் இயன்ற பள்ளியும் பெற்றோரும் முந்திச் செல்கின்றனர். பாடமாக இருந்தால் அரசு ஆசிரியரை நியமிக்க வேண்டும். வகுப்பில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் கற்பிக்க வேண்டும். மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இது நடக்காத கனவும் அன்று. கடலுக்கு அப்பால் இலங்கையில், க.பொ.த. உயர்தர மாணவர் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பதை ஒரு பாடமாகத் தமிழிலேயே படித்துத் தேர்வெழுதுகின்றனர். கிரேக்க அரங்கு, வடமொழி அரங்கு, தமிழ்க் கூத்து மரபு ஆகியவற்றோடு செய்முறையும் உண்டு. அப்பாடத்திற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறைப் பேராசிரியரானார். யாழ்ப்பாணத்தில் 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். போரால் சிதைந்த சமூகம் பள்ளிக்குள் காத்துக்கொண்ட ஒன்றை, அமைதியில் வாழும் நாம் பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

அது எளிய பாடம், மதிப்பெண்ணுக்காக எடுப்பது என்பர். கார்த்திகேசு சிவத்தம்பி 1970-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில்தான். அந்நூலைப் படித்தவர் எவரும் இப்பொருளை எளிது என்னார். இரண்டாவது மறுப்பு வலிமையானது: தேர்வுப் பாடமானால் நாடகமும் மனப்பாடக் குறிப்பாகச் சுருங்கிவிடும் என்பது. அந்த ஆபத்து உண்மையே. ஆனால் இலக்கியமும் வரலாறும் அவ்வாறே சுருங்கியிருக்கின்றன. அதற்காக அவற்றைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க எவரும் சொல்லவில்லை. செய்முறைக்குரிய பங்கைக் கூட்டுவதே மருந்து.

மொழியியல் படித்தவர் என்ற முறையில் இன்னொன்று சொல்ல வேண்டும். கேரளக் கடற்கரை இலத்தீன் கத்தோலிக்கரிடையே வளர்ந்த சவிட்டு நாடகத்தின் மொழி தமிழ் விரவியது. ‘காறல்மான் சரித்திரம்’ இயற்றியவராக மரபு சொல்லும் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குபவரும் அண்ணாவியாரே. இரு கரைகளையும் இணைக்கும் இச்சொல்லின் வரலாற்றைக் கலோத்சவ மேடையில் ஆடும் மாணவருக்கு எவர், எந்தப் பாடவேளையில் சொல்வார்? நடுவருக்காக அடவு பழக்கப்படுகிறது. பாட்டின் மொழியை விளக்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளிலும் நிலை இதுவே. முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவற்றுள் மூன்றாவதற்குப் பொதுப்பள்ளியில் இடமில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் உயர்கல்வியாக இருக்கிறது. இங்கே 1977-இல் ஜி. சங்கரப்பிள்ளையின் தலைமையில் திருச்சூரில் நாடகப் பள்ளி தோன்றியது. மேல்மாடிகள் கட்டப்பட்டுள்ளன, படிக்கட்டு இல்லை. பதினாறு வயதில் வாயிலை அடைத்துவிட்டு, ஆய்வுக்கு மாணவர் வருவதில்லை என்று கருத்தரங்குகளில் வருந்துகிறோம்.

ஆகவே கோரிக்கை இதுதான். மாவட்டத்திற்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியிலேனும் மானுடவியல் பிரிவில் நாடகத்தை விருப்பப் பாடமாக வைக்க வேண்டும். நாடகப் பட்டதாரிகளை நிரந்தர ஆசிரியராக நியமிக்க வேண்டும். நாடகம் சோறு போடுமா என்ற கேள்விக்கு அந்நியமனமே முதல் விடையாகும். பாடத்திட்டம் வரைய ஆள் இல்லை என்று துறை சொல்லுமானால், இதைப் படிக்கும் நம்முள் பலர் இருக்கிறோம். அடுத்த ஆண்டும் யாரேனும் ஒரு மாணவி அப்பட்டியலில் நாடகத்தைத் தேடுவாள். அவளிடமும் இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை.