இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்த வண்டி?



வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் தாயின் ஒரு கை பிள்ளையைத் தாங்கும். மறு கை கதவைத் திறக்கும், பையை எடுக்கும், படியில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பிள்ளைகள் ஒன்றாய்ப் பிறந்துவிட்டால் இரு கைகளும் நிறைந்துவிடுகின்றன. கதவைத் திறக்கக் கை இல்லை. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற நம் இளம் பெற்றோர் பலர் குழந்தை வண்டியைப் பற்றி விசாரிப்பதன் காரணம் இதுவே. அவர்கள் விசாரிப்பது ஆடம்பரத்தைப் பற்றி அல்ல, கைகளைப் பற்றி. ஆகையால் இம்மாதம் இந்தச் சிறிய காரியத்தைச் சற்று விரிவாய்ச் சிந்திப்போம்.

கோலார் தங்கவயலில் இக்கேள்விக்குத் தனியான ஒரு பாரம் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, நம் குடும்பங்களின் பிழைப்பு பெரும்பாலும் பெங்களூருக்கு மாறிற்று. மாரிக்குப்பத்திலும், சாம்பியனிலும், உரிகத்திலும், கோரமண்டலிலும் விடியுமுன் ரயில் ஏறி, இருட்டிய பின்பு திரும்புகிற தகப்பன்மார் இன்றும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பவள் தாய். துணைக்குப் பாட்டி இருந்தால் பாக்கியம். பெங்களூரிலேயே குடியேறிவிட்ட குடும்பங்களிலோ பாட்டியும் அருகில் இல்லை. இவர்களிடம் கார் இருந்தால் அது ஒரு சிறிய காராகவே இருக்கும். 1983 முதல் 2014 வரை உற்பத்தியான மாருதி 800, அதன் பின்வந்த ஆல்டோ, சான்ட்ரோ, 2018 வரை உற்பத்தியான நானோ ஆகியவற்றுள் ஒன்று, அதுவும் பலவேளை இரண்டாம் கையாக வாங்கியதாய் இருக்கும்.

இங்கேதான் இடறல் நேருகிறது. உறவினர் அன்போடு பெரிய இரட்டை வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது காரின் டிக்கியில் அடங்குவதில்லை. லைன் வீட்டின் வாசலிலும் நுழைவதில்லை. ஒரு மாதத்தில் அது துணி காயப்போடும் பொருளாகிவிடுகிறது. தாயோ தடுப்பூசிக்கும், ஆராதனைக்கும், தாய் வீட்டுக்கும் போகக் கூடாதவளாய் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப்போகிறாள். நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. அந்தத் தாயின் மனமும் சோர்ந்துபோகிறது.

மடங்கும் வண்டி வந்த விதம்

குழந்தை வண்டி ஆதியில் பிரபுக்களின் பொருள். 1733-ஆம் ஆண்டில் வில்லியம் கென்ட் என்னும் ஆங்கிலக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக, சிறு மிருகம் இழுக்கத்தக்க ஒரு வண்டியை வடிவமைத்தார். அதற்குப் பின்வந்த வண்டிகளும் பெரிய வீடுகளுக்கும் அகன்ற நடைபாதைகளுக்கும் ஏற்றவையாகவே இருந்தன.

1965-இல் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலப் பொறியாளர் இதை மாற்றினார். அவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். பேரக்குழந்தையின் கனத்த வண்டியோடு தம் மகள் படும் பாட்டைக் கண்டு, விமானத்தின் சக்கரம் மடங்கிக்கொள்வதுபோல் குழந்தை வண்டியும் ஏன் மடங்கக் கூடாது என்று யோசித்தார். அலுமினியக் குழாய்களால் ஆகி, குடைபோல் மடங்கும் வண்டி பிறந்தது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. பயணம் செய்யும் ஏழைத் தாய்க்கும் வண்டி எட்டியது அதன் பின்புதான். நாம் இன்று கேட்க வேண்டியதும் அவர் கேட்ட கேள்வியே: இது எவ்வளவு அழகாய் விரிகிறது என்பதல்ல, எவ்வளவு சிறிதாய் மடங்குகிறது என்பதே.

முதலில் காரை அளந்துகொள்ளுங்கள்

கூண்டில் அடங்காத எதுவும் சுரங்கத்துக்குள் இறங்காது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அந்த ஞானம் இங்கும் உதவும். கடைக்குப் போகுமுன் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு டிக்கியை அளந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் காணும் லிட்டர் கணக்கை மாத்திரம் நம்பாதிருங்கள். ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர் கொள்ளும் என்பார்கள். அரிசி மூட்டைக்கு அந்தக் கணக்கு போதும். மடக்கிய வண்டியோ நீண்ட பலகையைப் போன்றது. கொள்ளளவு இருந்தும் நீளம் போதாமல் போகலாம். ஆகவே நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரு சக்கர மேடுகளுக்கு நடுவேயுள்ள அகலம், பின் இருக்கையிலிருந்து கதவு வரையுள்ள ஆழம், உயரம், டிக்கி வாசலின் அளவு. பிறகு நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியின் மடக்கிய அளவில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, டிக்கிக்குள் வைத்துப் பாருங்கள். கதவு மூடினால் வண்டி வாங்கலாம். மூடாவிட்டால் அந்த வண்டி உங்களுக்கு உரியது அல்ல.

இரண்டு எச்சரிப்புகள். உங்கள் காரில் சிஎன்ஜி சிலிண்டர் பொருத்தியிருந்தால் டிக்கியின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 2015-க்கு முந்தின நானோவாக இருந்தால் அதன் பின்கதவு திறவாது. பின் இருக்கையைச் சாய்த்தே பொருளை வைக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகளின் குடும்பத்துக்கு அது கூடாத காரியம். ஏனென்றால், பின் இருக்கை முழுவதும் பிள்ளைகளுக்கே வேண்டும்.

மடியில் அல்ல, இருக்கையில்

குழந்தை வண்டிக்கு முன்பாக யோசிக்க வேண்டிய செலவு ஒன்று உண்டு. அது காருக்குள் பொருத்தும் குழந்தை இருக்கை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயது நிறையாத பிள்ளையை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி அழைத்துச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளைகளின் ஜீவனை எண்ணி இதைச் செய்யுங்கள். மடியில் வைத்திருக்கும் மூன்று கிலோ பிள்ளையை, கார் மோதும் கணத்தில் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. அன்பின் பெலன் அங்கே போதாது.

சிறு பிள்ளையின் இருக்கை பின்னோக்கிப் பார்த்திருக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்கலாகாது. இரண்டு இருக்கைகளைப் பின்னால் வைத்தால், ஆல்டோ போன்ற குறுகிய காரில் நடுவே பெரியவர் உட்கார இடமிருக்காது. தாய் முன்னால்தான் அமர வேண்டும். பழைய காரானால் பின் இருக்கைப் பட்டைகள் உள்ளனவா, வேலை செய்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பணம் ஒன்றுக்கு மாத்திரம் போதுமானால், இரண்டு கார் இருக்கைகளை முதலாவது வாங்குங்கள். குழந்தை வண்டி காத்திருக்கட்டும்.

கார் இருக்கை தூங்குமிடம் அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இளங்குழந்தையின் தலை முன்னால் தொங்கினால் மூச்சுத் தடைபடலாம். இரட்டையர் பலர் குறைமாதத்தில் பிறப்பவர்கள். முதல் வாரங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அதில் வைக்காதிருப்பது நலம். தங்கவயலிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அப்படியானால் வழியில் பலமுறை நிறுத்தி, பிள்ளைகளை எடுத்துக் கிடத்த வேண்டும். அவசரமில்லாத பயணமானால் தள்ளிவைக்க வேண்டும்.

எந்த வகை?

இரட்டை வண்டிகள் முக்கியமாய் மூன்று வகைப்படும். பிள்ளைகள் பக்கம் பக்கமாய் இருக்கும் வண்டி முதலாவது. இருவரும் சம இடம் பெறுவார்கள். தள்ளுவதும் திருப்புவதும் எளிது. ஆனால் அகலம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டரைத் தாண்டும். லைன் வீட்டு வாசலையும், பெங்களூர் அடுக்குமாடியின் லிஃப்டையும் அளவாமல் இதை வாங்க வேண்டாம்.

ஒருவர்பின் ஒருவர் இருக்கும் வண்டி இரண்டாவது. அகலம் குறைவு, கடைக்குள்ளும் நுழையும். ஆயினும் நீளமும் கனமும் அதிகம், பின்னால் இருக்கும் பிள்ளைக்குச் சாய்ந்து படுக்க இடம் குறைவு. சிறிய டிக்கியில் இது அடங்குவது அரிது.

எடை குறைந்த இரண்டு ஒற்றை வண்டிகளைக் கொக்கிகளால் இணைப்பது மூன்றாவது. சிறிய கார் உள்ள குடும்பத்துக்குப் பலவேளை இதுவே ஏற்றது. தனித்தனியே மடித்து, ஒன்றை டிக்கியிலும் மற்றொன்றை முன் இருக்கையின் கால்மாட்டிலும் வைக்கலாம். தகப்பன் ஒரு பிள்ளையோடும் தாய் ஒரு பிள்ளையோடும் பிரிந்து போகவும் கூடும். பிள்ளைகள் வளர்ந்த பின்பு வெவ்வேறு வீடுகளுக்குக் கொடுத்தும் விடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடைபோல் மடங்கும் சாதாரண வண்டி பிறந்த குழந்தைக்கு உரியதன்று. ஆறு மாதம்வரை பிள்ளையின் முதுகும் கழுத்தும் தட்டையான படுக்கையைத் தேடுகின்றன. ஆகையால் ஏறக்குறைய முழுவதும் சாயும் வண்டியையே பாருங்கள். ‘ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஏற்றதல்ல’ என்று வண்டியில் எழுதியிருந்தால், கடைக்காரர் எதைச் சொன்னாலும் அந்த எழுத்தையே நம்புங்கள்.

முதல் ஆறு மாதத்துக்கு இரட்டை வண்டியே இல்லாமலும் சமாளிக்கலாம். நன்றாய்ச் சாயும் ஒற்றை வண்டி ஒன்றில் ஒரு பிள்ளை. மார்போடு கட்டிய துணியில் மற்றொரு பிள்ளை. எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தாயின் தோலோடு தோலாய் அணைத்துவைக்கும் முறை 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை அப்படி வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தகப்பனும் இதைச் செய்யலாம். துணியில் கட்டும்போது பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தாடை மார்பில் அழுந்தக் கூடாது.

தூக்கப்போவது யார்?

கடையில் வண்டியை மடித்துக் காட்டுபவர் பெலமுள்ள வாலிபர். வீட்டில் அதை மடிக்கப்போகிறவளோ, இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, பலவேளை அறுவைச் சிகிச்சையின் தையல் ஆறாத தாய். பிள்ளையின் எடைக்கு மேற்பட்ட எதையும் முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம் என்று மருத்துவர் அவளுக்குச் சொல்லியனுப்புவார். இரட்டை வண்டிகளோ 10 முதல் 15 கிலோ கனக்கும். கணவன்மாரே, வண்டியைத் தெரிந்தெடுக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுங்கள். அவள் உடல் தேறின பின்பு கடைக்குப் போய், தானே மடித்து, தானே தூக்கிப் பார்க்கட்டும். அவளால் தூக்க முடியாத வண்டி, நீங்கள் ரயிலில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் மூலையில்தான் கிடக்கும்.

நம் ஊர்ப் பாதைகளையும் யோசியுங்கள். ஆண்டர்சன்பேட்டையின் சந்துகளிலும் லைன்களின் கரடான வழிகளிலும் சின்னஞ்சிறு சக்கரங்கள் கல்லில் சிக்கி நின்றுவிடும்; சற்றுப் பெரிய முன் சக்கரம் நலம். காற்றுக் காலத்தில் சயனைடு மலைகளின் தூசி பறக்கும்போது பிள்ளைகளை வெளியே கொண்டுபோகாதிருங்கள். தூசிக்கோ வெயிலுக்கோ பயந்து வண்டியைத் துணியால் முழுவதும் மூடுவதும் ஆபத்து; உள்ளே வெப்பம் ஏறி, காற்று தடைபடும்.

வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளைகளின் விரல்கள் கீல்களுக்கு அருகே இல்லாதபடி பாருங்கள். 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனமே, விரல் நுனிகள் துண்டான சம்பவங்களுக்குப் பின்பு, அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடிகள் வழங்க நேரிட்டது. கைப்பிடியில் கனத்த பையைத் தொங்கவிடாதிருங்கள். பிள்ளையை எடுத்தவுடன் வண்டி பின்னால் கவிழும்.

கடன் வேண்டாம்

இரட்டையர் பிறந்தார்கள் என்பதற்காகச் சிறிய காரை விற்றுக் கடனில் பெரிய கார் வாங்க நினைப்பவர் உண்டு. சற்றுப் பொறுங்கள். குழந்தை வண்டியின் காலம் இரண்டு மூன்று ஆண்டுகளே. காரின் கடனோ அதற்குப் பின்பும் மாதந்தோறும் வாசலில் நிற்கும். பயன்படுத்திய குழந்தை வண்டியை, பிரேக்கும் பட்டைகளும் கீல்களும் சரியாயிருந்தால், தயங்காமல் வாங்கலாம். பயன்படுத்திய கார் இருக்கையையோ, அது விபத்தில் சிக்கியதில்லை என்று நிச்சயமாய்த் தெரிந்தால் மாத்திரமே வாங்குங்கள். சபையாரே, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு வண்டி தூசி படிந்து கிடந்தால், அது இன்னொரு தாயின் கைகளுக்கு விடுதலையாகலாம். பரிசு கொடுக்க விரும்பினால், முதலில் அந்த வீட்டாரின் டிக்கி அளவைக் கேளுங்கள்.

வேதத்தில் இரட்டையரான ஏசாவும் யாக்கோபும் பல ஆண்டுகளுக்குப் பின்பு சந்தித்ததை வாசிக்கிறோம். சேர்ந்து போகலாம் என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளசானவர்கள் என்று எடுத்துச் சொல்லி, அவர்களுடைய நடைக்குத் தக்கபடி மெதுவாய் வருவதாகக் கூறுகிறான். ஒரு தகப்பனுக்கு அது கனவீனமாய்த் தோன்றவில்லை.

பிரியமான இளம் பெற்றோரே, பிள்ளைகளுக்காகக் காரை மாற்ற முடியாவிட்டாலும் நம் வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆராதனைக்குக் கால்மணி முன்னதாய்ப் புறப்படுங்கள். அங்கே வண்டியை விரிக்க ஒருவரும், பையைச் சுமக்க ஒருவரும் வாசலில் நிற்பார்களாக. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக.