நெஞ்சு படபடத்தால் நோய்தானா?

சகோதரிகளே, யுத்தம் 2009இல் முடிந்தாலும் பலரது உடம்பு இன்னும் அதை மறக்கவில்லை. இரவில் நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும். ஈசிஜி சரியென்று வைத்தியர் சொன்னாலும் இரண்டு நாளில் மறுபடி பயம் வரும். நாடியைப் பிடித்துப் பார்ப்போம். வேறு வைத்தியரைத் தேடுவோம். இது நடிப்பல்ல. பயத்தில் சுரக்கும் அதிரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. பார்க்கப் பார்க்கப் பயம் கூடும்.

செய்யக்கூடியவை:

• ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து காட்டுங்கள். உங்கள் இழப்புகளையும் சொல்லுங்கள்.

• நாடி பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

• படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் புதிதாக வந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கவலை தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்குக்குப் போங்கள். 1926 இலக்கத்திலும் பேசலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.