நர்சு பயிற்சியா, கூலி இல்லாத வேலையா? "6 மாதத்தில் வேலை" போர்டுகளின் மறுபக்கம்

சென்னையில் எந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் கண்ணில் படும் நோட்டீசு இது. "10-ம் வகுப்பு பாஸ் அல்லது பெயில். நர்சிங் பயிற்சி. 6 மாதத்தில் வேலை. 100 சதவீதம் உத்தரவாதம்." கீழே ஒரு போன் நம்பர்.

நம்பி வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெளியூரில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிறவர்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டுகிறார்கள். வீட்டில் கம்மலை அடகு வைத்துக் கட்டும் பணம் அது. கொஞ்ச நாள் வகுப்பு நடக்கும். அப்புறம் "பிராக்டிகல்" என்று சொல்லி ஏதாவது ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பி விடுவார்கள்.

அங்கே என்ன வேலை? படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். பெட்பேன் எடுக்க வேண்டும். ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்க வேண்டும். ராத்திரி டூட்டியும் உண்டு. சம்பளம் என்று வாயைத் திறந்தால், "நீ கத்துக்க வந்திருக்கே. உனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்ற பதில் தயாராக இருக்கும்.

இந்தப் பதில் சரிதானா? சட்டத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. அப்ரண்டிஸ் என்றால் லேத் பட்டறையும் ரெயில்வே ஒர்க்ஷாப்பும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 2014-ல் சட்டத்தைத் திருத்தி மற்றத் தொழில்களுக்கும் கதவைத் திறந்து விட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கவனிக்கும் "ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்" வேலையையும் அப்ரண்டிசாகவே பழகலாம்.

இதில் பழகுபவர் கட்டணம் கட்டும் பேச்சே இல்லை. பணம் ஆஸ்பத்திரியில் இருந்து பழகுபவர் கைக்கு வர வேண்டும். 2019-ல் கொண்டு வந்த விதிப்படி உதவித்தொகை மாதம் ரூ.5 ஆயிரத்தில் தொடங்குகிறது. 10-ம் வகுப்பு முடித்தவருக்கு ரூ.6 ஆயிரம், 12-ம் வகுப்புக்கு ரூ.7 ஆயிரம், பட்டதாரிக்கு ரூ.9 ஆயிரம் என்று படிப்புக்குத் தக்கபடி ஏறும். இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்திய பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் சிபாரிசு செய்தது.

இன்னொரு விஷயம். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆள் பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே தீர வேண்டும். காண்டிராக்டு ஆட்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. பெரிய தனியார் ஆஸ்பத்திரி எதுவும் இதில் இருந்து தப்ப முடியாது.

சரி, எல்லாமே பழகுபவருக்குச் சாதகமா? இல்லை. சட்டப்படி அப்ரண்டிஸ் ஒரு தொழிலாளி அல்ல. ஆகவே பி.எப். கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. சட்டமே தராத உத்தரவாதத்தைத்தான் சுவர் நோட்டீசு 100 சதவீதம் என்று அள்ளி விடுகிறது!

கணக்கு இதுதான். முதலாளிக்கு மலிவாக ஒரு ஆள் கிடைக்கிறார். அதற்குப் பதிலாக அவர் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தராமல் வேலையை மட்டும் வாங்கினால், பழகும் பெண்ணின் உழைப்பு சும்மா போகிறது. ஒழுங்காகச் சொல்லித்தரும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் இந்த நோட்டீசுகளால் கெட்ட பெயர்.

ஊசி குத்திவிட்டால்...

உதவித்தொகையை விடப் பெரிய ஆபத்து வார்டில் இருக்கிறது.

ஊசி போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பையில் போடச் சொல்லி புதுப் பெண்ணிடம் நீட்டுகிறார்கள். அவர் நல்ல எண்ணத்தில் ஊசிக்கு மூடி போடப் போகிறார். விரலில் சுருக்கென்று குத்தி விடுகிறது. அந்த நோயாளிக்கு என்ன வியாதியோ, யாருக்குத் தெரியும்? மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. இரண்டும் இப்படிப் பரவக்கூடியவை. திட்டுவார்களே என்ற பயத்தில் விஷயத்தை மறைத்து விடும் பெண்களும் உண்டு.

மறைக்கக் கூடாது. உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை இலவசம்.

2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் இதற்கு வழி சொல்லி இருக்கிறார்கள். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும். மஞ்சள் காமாலை பி-க்கும் டெட்டனசுக்கும் தடுப்பூசி போட வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், டியூப் சிவப்புப் பையில், ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். முதல் நாளே அரை மணி நேரத்தில் சொல்லித்தரக்கூடிய பாடம்தான் இது.

மஞ்சள் காமாலை தடுப்பூசி 3 தவணை. முதல் ஊசி போட்டு 1 மாதம் கழித்து அடுத்தது, 6-வது மாதம் மூன்றாவது. 6 மாதப் பயிற்சிக்கு வந்த பெண் மூன்றாவது ஊசி போடும்போது பயிற்சியே முடிந்திருக்கும். முதல் ஊசியையாவது வார்டுக்குள் போகும் முன் போட்டார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டு போட்டால் நர்சா?

6 மாதப் பயிற்சி முடித்த பெண் நர்சு ஆகிவிட முடியாது. நர்சு படிப்பு 3 அல்லது 4 ஆண்டு. கிராம சுகாதார நர்சுக்கான படிப்பே 2 ஆண்டு. படித்து முடித்து மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உதவியாளரின் வேலை வேறு. படுத்த படுக்கையான நோயாளியை 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தால் புண் வராது. தலையை உயர்த்தி வைத்து ஊட்டினால் புரை ஏறாது. இதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்தான். ஆனால் அதே பெண்ணிடம் குளுக்கோஸ் ஊசியைக் கொடுத்து நரம்பைத் தேடச் சொன்னால், கட்டிலில் கிடப்பவர் கதி என்ன? வீட்டில் அப்பாவைக் கவனிக்க ஆள் வைப்பவர்களும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

"லண்டனில் கேர் வேலை" என்பது இன்னொரு ஆசை வார்த்தை. 2022 பிப்ரவரியில் பிரிட்டன் இந்த வேலைக்கு விசா வழி திறந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி விட்டது. இதைச் சொல்லி இனியும் யாராவது பணம் கேட்டால் உஷார்.

சேருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒப்பந்தம். அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தமா, பழகுபவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அசல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, நகல் போதும். சந்தேகம் இருந்தால் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை, ஆலந்தூர் ரோட்டில் உள்ள வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை தலைமை ஆபீசில் நேரில் போய்க் கேட்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும்.