மானுக்கு எந்த ஜில்லா?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கவுண்டி என்னும் ஜில்லாக்கள் 254. ஒருவர் வருஷத்துக்கு 5 வெண்வால் மான்களுக்கு மேல் சுடக் கூடாது. ஆண் மான் 3-க்கு மேல் கூடாது. அதற்குள்ளும் கவுண்டிக்குக் கவுண்டி வரம்பு வேறு.

இரண்டு கவுண்டிகளில் பண்ணை வைத்திருப்பவர், "நிலம் ஒன்று, கணக்கு இரண்டா? எல்லை மானுக்குத் தெரியுமா?" என்று கொதிக்கிறார். மானுக்குத் தெரியாது, வாஸ்தவம். துப்பாக்கி பிடித்தவருக்குத் தெரியுமே, ஐயா! நிலம் உம்முடையது, காட்டு மானோ மாநிலத்து ஜனங்களின் சொத்து என்கிறது சட்டம். எல்லையை அழித்தால், தாராளமான பக்கத்துக் கணக்கில் கண்டிப்பான பக்கத்து மான்கள் விழும்.

மான்களைக் கணக்கெடுத்து, மேய்ச்சலைப் பேணுகிறவருக்கு அவர் நிலத்துக்கென்றே சீட்டுத் தரும் சர்க்கார் திட்டமும் உண்டு. அதில் சேரவும் மாட்டேன், எல்லையையும் மதிக்க மாட்டேன் என்றால், அது நியாயம் கேட்பதல்ல; இன்னொரு மான் கேட்பது.